எந்த ஊரில் குற்றம் அதிகம்? பட்டியலை நம்பும் முன் ஒரு வகுத்தல் கணக்கு

மலேசியப் புள்ளிவிவரத் துறை ஆண்டுக்கொரு முறை குற்றப் புள்ளிவிவரத்தை வெளியிடுகிறது. வெளியான கையோடு யாராவது அதிலிருந்து ஒரு பட்டியலை வெட்டியெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார்கள். சிலாங்கூர் உச்சியில், பெர்லிஸ் அடியில், மற்ற மாநிலங்கள் நடுவில். கிள்ளானில் வீடு பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிக்கு அக்கா அதை அனுப்பி, "அங்கேயா போற, நல்லா யோசிச்சுக்கோ" என்பார். பினாங்குக்காரர்கள் தங்கள் மாநிலம் எத்தனையாவது இடம் என்று தேடுவார்கள். பட்டியலில் உள்ள எண்கள் சரியாகவே இருக்கும். எந்த ஊர் ஆபத்தானது என்ற கேள்விக்கு மட்டும் அதில் பதில் கிடைக்காது.

ஏன் என்று பார்ப்போம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிலாங்கூரில் சுமார் 70 லட்சம் பேர். கோலாலம்பூரில் கிட்டத்தட்ட 20 லட்சம், பினாங்கில் 17 லட்சத்து 40 ஆயிரம். பெர்லிஸில் 3 லட்சம்கூட இல்லை. ஆள் கூடின இடத்தில் எல்லாமே கூடும்: கல்யாணம், சாலை விபத்து, திருட்டு. அதனால் மொத்த எண்ணிக்கையை வைத்து இரண்டு மாநிலங்களை ஒப்பிடுவது வீண் வேலை. எண்ணிக்கையை மக்கள்தொகையால் வகுத்து, ஒரு லட்சம் பேருக்கு எத்தனை குற்றம் என்று பார்க்க வேண்டும். குற்ற விகிதம் என்பது அவ்வளவுதான்.

ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். 2023இல் மலேசியா முழுவதும் பதிவான குறியீட்டுக் குற்றங்கள் (போலீஸ் பொறுக்கியெடுத்து எண்ணும் சில வகைக் குற்றங்கள், விளக்கம் கீழே) 52,444. அந்த ஆண்டு மக்கள்தொகை ஏறக்குறைய 3 கோடியே 34 லட்சம், அதாவது 334 லட்சம். 52,444ஐ 334ஆல் வகுத்தால் 157 வருகிறது. லட்சம் பேருக்கு 157 குற்றங்கள். இதே கணக்கை மாநிலவாரியாகப் போட்டால் பட்டியலின் வரிசை மாறிவிடும். எண்ணிக்கையில் முதலில் நிற்பது சிலாங்கூர். விகிதமாக மாற்றினால் கோலாலம்பூர் முன்னுக்கு வந்து நிற்பதுதான் வழக்கம்.

பலர் இத்தோடு விளங்கிவிட்டது என்று நிறுத்திக்கொள்கிறார்கள். உண்மையில் சிக்கலே இனிமேல்தான். விகிதம் ஒரு பின்னம். மேலே ஓர் எண், கீழே ஓர் எண். மேலே இருப்பது "நடந்த குற்றங்கள்", கீழே இருப்பது "அங்கே இருக்கும் மக்கள்" என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். இரண்டுமே அப்படி இல்லை.

மேலே இருக்கும் எண்

முதலில், அங்கே எல்லாக் குற்றங்களும் இல்லை. மலேசியப் போலீஸ் "ஜெனாயா இண்டெக்ஸ்" என்று ஒரு கூடை வைத்திருக்கிறது. தமிழில் குற்றக் குறியீடு என்கிறோம். அடிக்கடி புகார் வருகிற, நாட்டின் பொதுநிலையைக் காட்டக்கூடிய குற்றங்களை மட்டும் பொறுக்கி அதில் போட்டிருக்கிறார்கள். அதில் இரண்டு பிரிவு. கொலை, பாலியல் வல்லுறவு, கொள்ளை, காயம் விளைவித்தல் ஆகியவை வன்முறைக் குற்றங்கள். வீடு புகுந்து திருடுதல், வாகனத் திருட்டு, மற்ற திருட்டுகள் ஆகியவை சொத்துக் குற்றங்கள்.

போதைப்பொருள் வழக்குகள் இந்தக் கூடையில் இல்லை. வணிகக் குற்றங்களும் இல்லை. மக்காவ் ஸ்கேம் எனப்படும் தொலைபேசி மோசடி, போலி முதலீடு, வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் பறிப்பது எல்லாம் வேறொரு பிரிவின் கணக்கில் போகின்றன. 2023இல் இணைய மோசடி வழக்குகள் மட்டும் 34,000ஐத் தாண்டின; பறிபோன பணம் 1.2 பில்லியன் ரிங்கிட்டுக்கு மேல். அதே ஆண்டு நாட்டின் குறியீட்டுக் குற்றங்கள் எல்லாம் சேர்த்தே 52,444தான் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்றைக்கு ஒரு சாதாரணக் குடும்பம் பணத்தை இழக்கும் பெரிய வழிகளில் ஒன்று, நாம் "குற்ற விகிதம்" என்று படிக்கும் எண்ணுக்கு வெளியே நிற்கிறது. என் கணிப்பில், ஊரில் குற்றம் குறைந்துவிட்டது என்ற செய்தியைக் கேட்டு மக்கள் முகம் சுளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்கள் வீட்டில் நடந்தது அந்த எண்ணில் சேரவே இல்லை.

இரண்டாவது, கூடைக்குள் வரவேண்டிய குற்றமும் யாராவது போலீஸ் நிலையத்துக்குப் போய் ரிப்போர்ட் கொடுத்தால்தான் வரும். கொடுப்பதற்கும் கொடுக்காமல் விடுவதற்கும் காரணங்கள் உண்டு. அவை இடத்துக்கு இடம் மாறும்.

மோட்டார் சைக்கிள் திருடுபோனால் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். காப்புறுதிப் பணம் கேட்க ரிப்போர்ட் வேண்டும். காப்புறுதி இல்லாவிட்டாலும், திருடியவன் அதே வண்டியில் போய் வேறொரு குற்றம் செய்தால் உரிமையாளர் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுவார்கள் என்ற பயம் இருக்கும். ஆகவே வாகனத் திருட்டு எண்ணிக்கை நடந்ததற்கு மிக நெருக்கமாக இருக்கும்.

வாசலில் கிடந்த செருப்பு, வெளியே காயப்போட்ட துணி, கடையடியில் வைத்த எரிவாயு சிலிண்டர் போன்றவற்றுக்கு யார் போய் வரிசையில் நிற்பார்கள்? அரை நாள் சம்பளம் போகும். கைப்பை பறிபோனால் பலர் போகிறார்கள், பைக்குள் ஐ.சி. (அடையாள அட்டை) இருப்பதும் ஒரு காரணம், புதியது எடுக்கப் போகும்போது அந்த ரிப்போர்ட் உதவும். வீட்டுக்குள் நடக்கும் அடிதடி, பாலியல் குற்றங்கள் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே அமுங்கிவிடுகின்றன. சரியான பெர்மிட் இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளியை அடித்துப் பணத்தைப் பிடுங்கினால், அவர் போலீஸ் நிலையப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார். அப்படிப்பட்டவர்கள் அதிகம் வசிக்கும் பகுதி, எண்ணில் அமைதியான பகுதியாகத் தெரியும்.

இதிலிருந்து ஒரு விசித்திரம் பிறக்கிறது. ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) புதிதாகப் பொண்டோக் போலீஸ், அதாவது சிறிய போலீஸ் சாவடி, திறக்கிறார்கள். அதிகாரிகள் நன்றாகப் பேசுகிறார்கள், குடியிருப்பாளர் சங்கமும் சுறுசுறுப்பாக இருக்கிறது. முன்பு வாயை மூடிக்கொண்டு இருந்தவர்கள் இப்போது புகார் கொடுக்கிறார்கள். ஆறு மாதத்தில் அந்தத் தாமானின் குற்ற விகிதம் ஏறுகிறது. திருட்டு கூடாமலே, புகார் கூடியதால் மட்டும் ஏறுகிறது. பக்கத்துத் தாமானில் எல்லாரும் வெறுத்துப்போய் விட்டுவிட்டார்கள் என்றால் அதன் விகிதம் இறங்கும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் பாதுகாப்பான இடம் மோசமானதாகவும் மோசமான இடம் பாதுகாப்பானதாகவும் தோன்றும்.

இந்த இருட்டுப் பகுதியை அளப்பதற்குச் சில நாடுகளில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1973 முதல் வீடு வீடாகப் போய், "உங்களுக்கு ஏதாவது குற்றம் நேர்ந்ததா, போலீஸிடம் சொன்னீர்களா?" என்று நேரடியாகக் கேட்கிறார்கள். வன்முறைக்கு ஆளானவர்களில் பாதிப் பேருக்கும் மேல் போலீஸிடம் போவதில்லை என்பதுதான் அதில் பெரும்பாலான ஆண்டுகளில் தெரியவருவது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படியொரு ஆய்வு நடக்கிறது. போலீஸ் பதிவு செய்யும் எண்களின் தரத்தில் குறை கண்டு, 2014இல் அவற்றுக்கு இருந்த "தேசியப் புள்ளிவிவரம்" என்ற தகுதியையே அங்கே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது, எந்தப் பிரிவில் எழுதுகிறார்கள் என்பது. ஒரு சம்பவத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். செந்தூல் சந்தையிலிருந்து ஓர் அம்மா காய்கறிப் பையோடு நடந்து வருகிறார். பின்னால் மோட்டாரில் வந்த இருவர் கழுத்துச் சங்கிலியை இழுத்துக்கொண்டு பறக்கிறார்கள். அம்மாவுக்கு அதிர்ச்சிதான், அடி இல்லை. இது தண்டனைச் சட்டம் 379, திருட்டு, சொத்துக் குற்றம் என்று பதியப்படலாம். அதே இழுப்பில் அவர் தடுமாறி விழுந்து முழங்கை உடைந்தால்? திருடும்போது காயம் விளைவித்தாலோ அடித்துவிடுவேன் என்று அச்சமூட்டினாலோ அது கொள்ளை. 392ஆம் பிரிவு, வன்முறைக் குற்றம். அதே சங்கிலி, அதே தெரு, அதே ஆட்கள். வழக்கு ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குத் தாவிவிடுகிறது. எல்லைக்கோட்டில் நிற்கும் சம்பவங்களை ஒரு மாவட்டத்தில் கண்டிப்பாகவும் இன்னொரு மாவட்டத்தில் தளர்வாகவும் எழுதினால், "வன்முறைக் குற்ற விகிதம்" இரண்டு இடத்திலும் ஒரே பொருளைக் குறிக்காது.

ஒரு விஷயத்தில் மலேசியாவுக்கு ஆறுதல் உண்டு. நாடு முழுவதும் ஒரே போலீஸ் படை, ஒரே தண்டனைச் சட்டம். கோலாலம்பூரில் ஓர் இலக்கணம், பினாங்கில் ஓர் இலக்கணம் என்று கிடையாது. அமெரிக்காவின் நிலையைப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய வசதி என்று புரியும். அதற்கு வருகிறேன்.

இலக்கு வைத்து வேலை செய்யும்போது வரும் தொல்லையும் இங்கேதான் சேரும். 2009இல் மலேசியாவின் குறியீட்டுக் குற்றங்கள் சுமார் 2 லட்சத்து 9 ஆயிரம். அரசாங்க உருமாற்றத் திட்டத்தில் குற்றக் குறைப்பு ஒரு முக்கிய இலக்கானது. 2010இல் எண்ணிக்கை 1 லட்சத்து 77 ஆயிரத்துக்கு இறங்கியது. சில வழக்குகளைக் குறியீட்டுக்கு வெளியே உள்ள பிரிவுகளில் எழுதுகிறார்கள் என்று 2012இல் எதிர்க்கட்சித் தரப்பிலிருந்து குற்றச்சாட்டு வந்தது, போலீஸ் மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஓர் எண்ணைக் குறைத்தால் பாராட்டு என்று வைத்துவிட்டால், அந்த எண்ணைப் படிப்பவர் கூடுதலாக ஒரு கேள்வி கேட்டாக வேண்டியிருக்கிறது.

கீழே இருக்கும் எண்

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். மேலே உள்ள எண்ணைச் சந்தேகிக்கப் பலருக்குத் தெரியும். கீழே உள்ள மக்கள்தொகையை யாரும் சந்தேகிப்பதில்லை.

மக்கள்தொகை என்பது ஓர் இடத்தில் குடியிருப்பவர்களின் எண்ணிக்கை. குற்றம் குடியிருப்பவருக்கு மட்டுமா நேர்கிறது?

டாங் வாங்கியை எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூரின் நடுவயிறு அது. புக்கிட் பிந்தாங், சௌகிட், ஜாலான் மஸ்ஜித் இந்தியா எல்லாம் அந்தப் போலீஸ் மாவட்டத்துக்குள் வருகின்றன. காலையில் ரயிலிலும் பேருந்திலும் மோட்டாரிலும் சிலாங்கூரிலிருந்து ஆட்கள் வந்து குவிகிறார்கள். சுற்றுப்பயணிகள் வேறு. தீபாவளிக்கு முந்திய வாரம் மஸ்ஜித் இந்தியாவில் நடக்க இடமிருக்காது. ராத்திரி கடை சாத்தியதும் பெரும்பகுதி காலி. இப்போது அங்கே ஒரு கைப்பை பறிபோகிறது. பறிகொடுத்தவர் ரவாங்கிலிருந்து புடவை வாங்க வந்தவர். குற்றம் டாங் வாங்கியின் கணக்கில் ஏறும். அந்த அம்மாவோ ரவாங்கின் மக்கள்தொகையில் இருக்கிறார். மேலே ஒன்று கூடியது, கீழே ஒன்றும் கூடவில்லை. இப்படி ஆண்டு முழுக்க நடந்தால் விகிதம் வீங்காமல் என்ன செய்யும்?

எந்த நாட்டிலும் நகர மையத்தின் குற்ற விகிதம் பயங்கரமாகத் தெரிவதற்கு இது ஒரு பெரிய காரணம். அங்கே நிற்கும் ஒருவருக்கு ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஆபத்து என்று கணக்கிட முடிந்தால் எண் எவ்வளவோ சாதாரணமாக இருக்கும். அதே தர்க்கம் மறுபக்கமும் வேலை செய்கிறது. பகலில் எல்லாரும் வேலைக்குப் போய்விடும் புறநகர்த் தாமானில், பகுக்கும் எண் பெரிதாக இருப்பதால் விகிதம் இறங்கித் தெரியும். அங்கே வசிப்பவர்கள் தங்கள் கைப்பையைப் பறிகொடுப்பது வேறு ஊரில்.

டாங் வாங்கியில் இன்னொரு முடிச்சும் உண்டு. அதன் மக்கள்தொகை எவ்வளவு என்று தேடிப் பாருங்கள், நேரடியாகக் கிடைக்காது. மக்கள்தொகைப் பட்டியலில் மாவட்டம் என்று பார்த்தால் கோலாலம்பூர் முழுவதும் ஒரே மாவட்டம். போலீஸ் கணக்கிலோ டாங் வாங்கி, பிரிக்பீல்ட்ஸ், செராஸ், செந்தூல், வங்சா மாஜு என்று பிரிந்திருக்கிறது. கூடவே புத்ராஜெயாவும் கோலாலம்பூர்ப் போலீஸின் கீழ்தான். நாடாளுமன்றத் தொகுதிவாரியாக மக்கள்தொகை கிடைக்கும், ஆனால் கோலாலம்பூரின் 11 தொகுதிகளுடைய எல்லையும் போலீஸ் எல்லையும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. ஆகவே யாராவது "டாங் வாங்கியின் குற்ற விகிதம் லட்சத்துக்கு இவ்வளவு" என்று பதிவு போட்டால், கீழே எந்த எண்ணை வைத்து வகுத்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

பெயரை வைத்து ஏமாறுவதும் சாதாரணமாக நடக்கிறது. "பிரிக்பீல்ட்ஸில் இத்தனை வழக்கு" என்று செய்தி வந்தால் நம்மவர்கள் மனதில் உடனே வருவது லிட்டில் இந்தியாவின் பூக்கடையும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையும்தான். பிரிக்பீல்ட்ஸ் போலீஸ் மாவட்டம் பங்சார், ஸ்ரீ ஹர்த்தமாஸ், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் வரை நீள்கிறது. அந்த எண்ணில் எத்தனை பங்களாத் திருட்டு கலந்திருக்கிறதோ!

சிலாங்கூரிலும் இதே கதை. நிர்வாகக் கணக்கில் பெட்டாலிங் ஒரே மாவட்டம். போலீஸுக்கு அது பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, ஷா ஆலம் என்று பல மாவட்டம். கோம்பாக் என்ற பெயர் இரண்டு பக்கமும் உண்டு, எல்லை ஒன்றல்ல. உலு கிள்ளான் நிர்வாகத்தில் கோம்பாக், போலீஸில் அம்பாங் ஜெயா. போலீஸ் கோம்பாக்கின் குற்றத்தை நிர்வாக கோம்பாக்கின் மக்கள்தொகையால் வகுத்தால், பெயர்ப் பொருத்தம் இருக்கும், கணக்குப் பொருத்தம் இருக்காது.

இந்த வகையில் பினாங்கு புண்ணியம் செய்தது. திமூர் லாவுட், பாராட் டாயா, செபராங் பிறை உத்தாரா, தெங்ஙா, செலாத்தான் என்று ஐந்து மாவட்டம். போலீஸுக்கும் அதே ஐந்து, நிர்வாகத்துக்கும் அதே ஐந்து. வகுத்தல் கணக்கைப் புதிதாகப் பழக நினைப்பவர் பினாங்கில் தொடங்குவது நல்லது.

அங்கேயும் ஆள் நடமாட்டத்தை மறந்துவிடக் கூடாது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கியது. பட்டர்வொர்த்திலிருந்தும் பிறையிலிருந்தும் பாலத்தைத் தாண்டி மோட்டாரில் வேலைக்கு வருபவர்கள் ஏராளம். தொழிற்சாலை வாசலில் நாள் முழுக்க நிற்கும் அந்த மோட்டார்களில் ஒன்று போனால், பாராட் டாயா கணக்கில் ஒரு திருட்டு. வண்டிக்காரரின் வீடு செபராங் பிறையில். தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் ஒரு சங்கிலி போனால் அது திமூர் லாவுட் கணக்கு. சங்கிலியைப் பறிகொடுத்தவர் அலோர் ஸ்டார்க்காரராக இருக்கலாம், ஈப்போக்காரராகவும் இருக்கலாம்.

மோட்டார் திருட்டை ஆளுக்கு எத்தனை என்று பார்ப்பதைவிட வண்டிக்கு எத்தனை என்று பார்ப்பது பொருத்தம். ஒரு வீட்டில் நான்கு மோட்டார் நிற்கும் கம்பத்தையும் (கிராமத்தையும்) எல்லாரும் ரயிலில் போகும் கொண்டோவையும் தலைக்கணக்கில் ஒப்பிட்டு என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்? ஆனால் வண்டி எங்கே நிற்கிறது என்பதை எண்பலகை சொல்லாது. கோலாலம்பூர் எண்ணோடு சிலாங்கூரின் பூச்சோங்கில் நிற்கும் வண்டிகளுக்குக் கணக்கே இல்லை. கச்சிதமான பகுக்கும் எண் கிடைப்பது அரிது. குறைபாடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துகொண்டாலே பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

அமெரிக்கக் கவுண்டிகள்

இணையத்தில் இந்த விஷயத்தைத் தேடினால் அதிகம் கண்ணில் படுவது அமெரிக்கக் கவுண்டிகளின் வண்ண வரைபடங்கள்தான். சிவப்பு ஆபத்து, பச்சை பாதுகாப்பு. அங்கே மூவாயிரத்துக்கும் அதிகமான கவுண்டிகள். நம் மாவட்டத்தைப் போன்ற அலகு. டெக்ஸஸ் மாநிலத்தில் லவிங் கவுண்டி என்று ஒன்று. 2020 கணக்கெடுப்பில் அதன் மொத்த மக்கள் 64 பேர். அங்கே ஓர் ஆண்டில் ஒரு கொலை நடந்தால் விகிதம் லட்சத்துக்கு 1,562 என்று வரும். உலகத்தின் எந்தப் பெருநகரமும் பக்கத்தில் நெருங்க முடியாது. அடுத்த ஆண்டு பூஜ்யம், அமெரிக்காவிலேயே பாதுகாப்பான இடம். நடந்ததோ ஒரே ஒரு சம்பவம்.

சின்ன மக்கள்தொகையில் விகிதம் இப்படித்தான் துள்ளும். நம் நாட்டில் அவ்வளவு சின்ன இடம் இல்லை என்றாலும், பெர்லிஸில் கொலை இரண்டிலிருந்து நான்காகிவிட்டால் "இரு மடங்கு உயர்வு" என்று தலைப்புப் போட ஆள் இருக்கிறார்கள். சின்ன இடத்துக்கு மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளைக் கூட்டிச் சராசரி எடுத்த பிறகே பேச வேண்டும்.

அமெரிக்காவில் இன்னொரு தலைவலி, சுமார் 18,000 போலீஸ் அமைப்புகள் தனித்தனியாக இயங்குகின்றன. கவுண்டிக்கு ஷெரிஃப், நகரத்துக்கு நகரப் போலீஸ், பல்கலைக்கழகத்துக்கு அதன் சொந்தப் போலீஸ். அவர்கள் எஃப்.பி.ஐ.க்கு எண்களை அனுப்புவது தேசிய அளவில் கட்டாயமில்லை. 2021இல் எஃப்.பி.ஐ. பழைய முறையை விட்டுப் புதிய பதிவு முறைக்கு முழுவதுமாக மாறியபோது, நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் நகரப் போலீஸாரின் எண்களே அந்த ஆண்டுத் தொகுப்பில் முழுமையாக வரவில்லை. ஓர் அமைப்பு எண் அனுப்பாவிட்டால் அந்த இடம் வரைபடத்தில் வெளுத்துக் கிடக்கும். பார்ப்பவர் அமைதியான ஊர் என்று நினைத்துக்கொள்வார்.

பழைய முறையில் இன்னொரு விதியும் இருந்தது. ஒரே சம்பவத்தில் பல குற்றங்கள் நடந்தால் மிகக் கடுமையான ஒன்றை மட்டும் எண்ணுவார்கள். வீடு புகுந்து, அடித்து, காரையும் ஓட்டிச் சென்றாலும் ஒன்றுதான் கணக்கு. புதிய முறையில் எல்லாமே பதிவாகின்றன. இரண்டு முறைகளின் எண்ணையும் பக்கத்தில் வைத்து "குற்றம் கூடிவிட்டது" என்று சொன்னால், கூடியது எது என்பதே கேள்வி. இந்த எண்களை வைத்து ஊர்களுக்கு இடவரிசை போடாதீர்கள் என்று எஃப்.பி.ஐ.யே பல ஆண்டுகளாக எச்சரித்து வந்திருக்கிறது. கேட்பவர் யார்.

ஆண்டுகளை ஒப்பிடுவது

இடத்துக்கு இடம் ஒப்பிடுவதைவிட, ஓர் இடத்தை அதன் பழைய எண்ணோடு ஒப்பிடுவதே எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. பாயான் லெப்பாஸுக்கு வரும் வெளியாட்கள் போன ஆண்டும் வந்தார்கள், இந்த ஆண்டும் வருகிறார்கள். புகார் கொடுக்கும் பழக்கமும் ஒரே ஆண்டில் தலைகீழாக மாறாது. குறைபாடுகள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

ஆனால் எந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறோம் என்பதில் கவனம் வேண்டும். மலேசியாவில் குறியீட்டுக் குற்றங்கள் 2019இல் 83,456. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18இல் வந்தது. அந்த ஆண்டு எண்ணிக்கை 65,623, 2021இல் 52,974. எல்லாரும் வீட்டிலேயே இருந்தால் யார் வீட்டில் புகுந்து திருடுவது, யார் பையைத் தெருவில் பறிப்பது? ஊரடங்கு ஆண்டை அடிப்படையாக வைத்தால் அதற்குப் பிந்தைய எந்த ஏற்றமும் பூதாகரமாகத் தெரியும். 2019ஐ அடிப்படையாக வைத்தால் அதே எண்கள் பெரிய சாதனையாகத் தெரியும். பேசுபவருக்கு எது தோதோ அதை எடுத்துக்கொள்வார். 2016 முதல் உள்ள வரிசையை முழுவதுமாகப் பார்த்தால் எந்த ஆண்டு விதிவிலக்கு என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

இரண்டு இடங்களை ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் மொத்த விகிதத்தைத் தூக்கி ஓரம் வையுங்கள். கொலையை எடுக்கலாம், பிணத்தை மறைப்பது கஷ்டம், பதிவு ஒழுங்காக இருக்கும். சின்ன இடத்தில் துள்ளும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். வாகனத் திருட்டை எடுக்கலாம், காரணம் முன்பே சொன்னேன். மற்ற திருட்டு, காயம் விளைவித்தல், பாலியல் குற்றம் ஆகியவற்றில் இரண்டு ஊர் எண்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம், குற்றத்தில் உள்ள வித்தியாசமா புகாரில் உள்ள வித்தியாசமா என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

வீடு வாங்கப் போகிறவருக்கு மாநில விகிதத்தால் ஒரு பயனும் இல்லை. ஒரே போலீஸ் மாவட்டத்துக்குள் ஒரு தாமானுக்கும் சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள தாமானுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும். அந்த நுணுக்கத்தை வெளியிடப்படும் பட்டியல்கள் காட்டுவதில்லை. அதற்கு அந்தத் தெருவில் இருபது வருஷமாக மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியைக் கேட்பதுதான் வழி. அவரிடமும் "போன வருஷம் எத்தனை வீட்டில் புகுந்தார்கள்?" என்று எண்ணாகக் கேளுங்கள். "இப்ப முன்ன மாதிரி இல்ல தம்பி" என்ற பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இணையத்தில் உலாவும் "உலகின் பாதுகாப்பற்ற நகரங்கள்" வகைப் பட்டியல்கள் பலவும் இதே ரகம்தான். தளத்துக்கு வந்தவர்களிடம் "பயமாக இருக்கிறதா?" என்று கேட்டுத் தொகுத்தவை, போலீஸ் எண்ணோடு அவற்றுக்குத் தொடர்பு இல்லை.

கையால் போட்டுப் பார்க்க விரும்பினால், புள்ளிவிவரத் துறையின் ஓப்பன்டோசம் (OpenDOSM) தளத்தில் போலீஸ் மாவட்டவாரியாகக் குற்ற எண்ணிக்கை இலவசமாகக் கிடைக்கிறது. அதே தளத்தில் நிர்வாக மாவட்டவாரியாக மக்கள்தொகையும் உண்டு. பினாங்கின் ஐந்து மாவட்டத்தை முதலில் எடுங்கள். வாகனத் திருட்டை மட்டும் பிரித்து, மூன்று ஆண்டுச் சராசரி போட்டு, லட்சத்தில் உள்ள மக்கள்தொகையால் வகுங்கள். அப்புறம் கோலாலம்பூருக்குப் போகலாம். அங்கே மாவட்டவாரியாக வகுக்க முடியாது என்பதால் மொத்தத்தைத்தான் எடுக்க வேண்டும். எடுக்கும்போது, கோலாலம்பூரின் குற்ற எண்ணிக்கைக்குள் புத்ராஜெயாவும் சேர்ந்திருப்பதால், பகுக்கும் மக்கள்தொகையோடு புத்ராஜெயாவின் சுமார் 1 லட்சத்து 9 ஆயிரம் பேரையும் கூட்டிக்கொள்ளுங்கள். சபாவுக்குப் போட்டால் லாபுவானையும் அதேபோல் சேர்க்க வேண்டும்.